கால் எரிச்சலும் கசகசாச் செடியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பிறருடைய நோவை நாம் முழுவதும் உணர முடியாது. ஆனால் அந்த நோவின் காரணத்தையும், அதற்குக் கொடுக்கும் மருந்தின் குணத்தையும் அறிந்துகொள்ள முடியும். அவ்வாறு அறியாமல் போனதால் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு தொல்லையே இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது.

என் அம்மாவின் தாயாரை நாங்கள் ஆயா என்று அழைப்போம். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய் உண்டு. இரவு வந்தால் இரு பாதங்களும் எரியும். "மிளகாய்த் தூளை அப்பி வெச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்று சொல்லி, ஈரச் சாக்கின்மேல் கால்களை வைத்துக்கொள்வார். போர்வை பட்டாலும் பொறுக்கமாட்டார். அவர் நிலையைக் கண்டு இரங்கிய உறவினர் ஒருவர், தமக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த மாத்திரைகளில் மீதி இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் இரவு ஆயா நன்றாக உறங்கினார். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரத்தில் ஒரு மாத்திரை போதவில்லை, இரண்டாயிற்று. மலச்சிக்கலும் தலைசுற்றலும் வந்தன. ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தவர் வாசற்படியில் விழுந்துவிட்டார். இறைவன் அருளால் எலும்பு முறியவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான், அது ட்ரமடால் என்னும் அபின் வகை மாத்திரை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

எரிச்சல் ஏன் வருகிறது?

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்பு இழைகள் பழுதடைகின்றன. அந்த நரம்புகளுக்கு உணவும் உயிர்வளியும் கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நம் உடலில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆகவே அவையே முதலில் பாதிக்கப்படுகின்றன. காலுறை அணியும் இடம் முழுவதும் எரிச்சலும் குத்தலும் மதமதப்பும் தோன்றுகின்றன. பழுதான நரம்பு, காலில் காயம் ஏதும் இல்லாதபோதும் மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சாதாரணத் தலைவலி மாத்திரை இதற்குப் பயன் தருவதில்லை.

எரிச்சலைவிடக் கொடியது மரத்துப்போதல். வலி நின்றுவிட்டது என்று நோயாளி மகிழ்வார். ஆனால் முள் குத்தினாலும், வெந்நீர் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. புண் சீழ்பிடித்து, காலையே எடுக்க நேரிடலாம்.

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அவர்கள் எல்லாருக்கும் கால் எரிச்சல் வருவதில்லை. எனினும் இது ஏதோ ஓரிரு வீட்டுத் துன்பம் அன்று என்பது இதனால் விளங்கும்.

அபின் வகை மருந்து எப்படி வேலை செய்கிறது?

நம் அம்மாமார்கள் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதையே. போதை அந்த விதையில் இல்லை. முற்றாத காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கிறது. அந்தப் பாலை உலர்த்தினால் அபின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். கிரேக்கரின் கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரையொட்டி அதற்குப் பெயர் வந்தது. கோடீனும் அபினில் உள்ளது. ட்ரமடால், டபென்டடால், ஃபென்டனில் ஆகியவை ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுபவை.

மூளையிலும் தண்டுவடத்திலும் சில பூட்டுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்குரிய சாவிகளை நம் உடலே சிறிதளவு செய்துகொள்கிறது. 1975-இல் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தனர். அபின் வகை மருந்துகள் அதே பூட்டுகளில் பொருந்தும் மாற்றுச் சாவிகள். அவை வலிச் செய்தியை அடக்குகின்றன. ஆனால் அதே வகைப் பூட்டுகள் குடலிலும், மூச்சை நடத்தும் மூளைப் பகுதியிலும் உள்ளன. ஆகவே மலச்சிக்கல், குமட்டல், தூக்கம், தள்ளாட்டம் ஆகியவை வருகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நாளடைவில் பழைய அளவு போதாமல், உடல் மேலும் மேலும் கேட்கிறது. ட்ரமடால் சிலருக்கு இரத்தச் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்துவிடுவதும் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு இது மிகவும் கவனிக்கத்தக்கது.

மருத்துவ உலகம் என்ன சொல்கிறது?

நரம்பு எரிச்சலுக்கு முதலில் கொடுக்கப்படுபவை பிரிகாபலின், கபாபென்டின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள். இவை அபின் வகையைச் சேர்ந்தவை அல்ல. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினைக் கொண்டு செய்த களிம்பும் உண்டு. (அதற்காக யாரும் வீட்டு மிளகாய்த் தூளைக் காலில் பூச வேண்டாம்!) இவற்றாலும் எல்லாருக்கும் வலி முழுவதும் போய்விடுவதில்லை. பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்கிறார்கள்.

அபின் வகையைப் பற்றிக் கருத்து மாறி வந்திருக்கிறது. சர்க்கரை நோயின் நரம்பு வலிக்கென்றே, நீண்ட நேரம் வேலை செய்யும் டபென்டடால் மாத்திரைக்கு அமெரிக்க அரசு 2012-இல் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்நாட்டு நரம்பியல் மருத்துவர்களின் கழகம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில், ட்ரமடாலும் டபென்டடாலும் உட்பட அபின் வகை மருந்துகளை இந்நோய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று கூறிவிட்டது. பல ஆண்டுகள் நீடிக்கும் வலிக்கு இவை தரும் நன்மை சிறிது. தீமை பெரிது என்பதே காரணம். வேறு எதுவும் பலிக்காத சிலருக்கு, மருத்துவர் தம் நேர்ப்பார்வையில் குறைந்த அளவில், குறைந்த காலம் கொடுப்பதும் உண்டு.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்துகிறது. ட்ரமடால் 2018-இல் அச்சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது.

மருந்து பாவமா?

இதையெல்லாம் மருத்துவர் விளக்கியதும் ஆயா மறு எல்லைக்குப் போய்விட்டார். "எனக்கு ஒரு மருந்தும் வேண்டாம். ஆண்டவருக்குச் சிலுவையில் அறையும்போது போளம் கலந்த இரசம் கொடுத்தாங்க, அவர் குடிக்கலையே. நானும் ஒப்புக்கொடுத்துட்டுப் போறேன்" என்றார். அது தவக்காலம். வெறுங்காலோடு சிலுவைப்பாதைக்கு வந்தார். வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை உள்ளங்காலைச் சுட்டுக் கொப்புளமாக்கியது. வீட்டுக்கு வந்து அம்மா கால் கழுவும்வரை அவருக்கு அது தெரியவே இல்லை! எரிகிற காலே மரத்தும் போயிருந்தது.

நான் எங்கள் மறைக்கல்வி சிஸ்டரிடம் ஓடினேன். அவர் சொன்னது இது: 1957-இல் மயக்க மருந்து மருத்துவர்கள் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விடையளித்தார். நோவைத் தணிக்க மருந்து உட்கொள்வது பாவம் அன்று; கடும் வேதனையில் மார்ஃபின் போன்றவற்றையும் தக்க காரணத்தோடு பயன்படுத்தலாம் என்பது அவர் போதனை. துன்பத்தை அன்போடு ஏற்பது ஒருவர் தாமே விரும்பிச் செய்யும் காரியம். யார்மீதும் சுமத்தப்பட்ட கடமை அன்று. நல்ல சமாரியரும் அடிபட்டவனுக்கு எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயம் கட்டினாரே அன்றி, பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் சிஸ்டர் சொன்னார். இலண்டன் நகரில் அருட்சகோதரிகள் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில், சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1958 முதல் பணிபுரிந்தார். இறக்கும் நிலையிலிருந்த புற்றுநோயாளிகளுக்கு, அவர்கள் வலியால் கதறும்வரை காத்திராமல், நேரம் தவறாது மார்ஃபின் கொடுத்து அமைதியான முடிவைத் தந்தார். நம் நாட்டிலோ சட்டத்துக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருக்கத் தயங்கியதால் எத்தனையோ புற்றுநோயாளிகள் வேதனையோடு இறந்தனர். அக்குறையைப் போக்கவே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. எனவே மருந்து தீயதும் அன்று, நல்லதும் அன்று. எவருக்கு, எதற்கு, எவ்வளவு, யார் சொல்லி என்பதே கேள்வி. "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

1. ஒருவருக்குக் கொடுத்த வலி மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. மீதியை வீட்டில் சேர்த்து வைக்கவும் கூடாது.

2. அபின் வகை மாத்திரையைப் பல நாள் உட்கொண்டவர் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

3. கால் எரிச்சல் எல்லாமே சர்க்கரையால் வருவதன்று. பி-12 உயிர்ச்சத்துக் குறைவாலும் வரும். மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்கு அக்குறைவு ஏற்படலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

4. நாள்தோறும் மாலையில் பெரியவர்களின் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு நாம் பார்த்துச் சொல்லலாம். வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும்.

5. வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும். அணியுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

6. நம் தருமபுரிச் சீமையின் கேழ்வரகுக் களி நல்ல உணவே. ஆனாலும் அதிலும் மாவுச்சத்து உண்டு. களிதானே என்று அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

பழைய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததும், 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளதுமான சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை மாத்திரையையும் நோவு தணிக்கும் கவனிப்பையும் வீட்டுக்கே கொண்டுவருவது அதன் நோக்கம். மருத்துவமே வீடு தேடி வரும்போது, நாம் அடுத்த வீட்டு மாத்திரையைத் தேடிப் போகலாமா?

ஆயாவின் கொப்புளம் ஆறிவிட்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை இப்போது மறுக்காமல் உட்கொள்கிறார். எரிச்சல் முழுவதும் போகவில்லை. ஆனால் இரவில் நான்கைந்து மணி நேரம் உறங்குகிறார். மாலை செபமாலை முடிந்ததும் அவர் கால்களை என் மடியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. "போதும் விடு கண்ணு, உனக்குப் படிப்பு இருக்குது" என்பார். இதுவும் படிப்புதான் ஆயா என்பேன்.