எட்டுக் குழாய்களுக்கு 147 கோடி வழிகள்

ஓர் ஊருக்குக் குடிநீர்க் குழாய் பதிக்கும்போது பொறியாளர் முடிவு செய்ய வேண்டிய பெரிய கேள்வி, எந்தத் தெருவுக்கு எத்தனை அங்குலக் குழாய் என்பது. சிறிதாகப் போட்டால் கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பெரிதாகப் போட்டால் பணம் மண்ணுக்குள் புதையும். மின்கம்பி, தொலைபேசி, எரிவாயு என்று எந்த வலையமைப்பிலும் இதே கணக்குதான் வேறு உருவில் வருகிறது.

இத்துறையினர் இன்றும் எடுத்தாளும் மாதிரிக் கணக்கு ஒன்றை அல்பெரோவிட்ஸ், ஷமீர் இருவரும் 1977-ல் முன்வைத்தனர். ஒரு நீர்த்தேக்கம், ஆறு சந்திகள், அவற்றை இரண்டு வளையங்களாக இணைக்கும் எட்டுக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் 1000 மீட்டர் நீளம். 1 முதல் 24 அங்குலம் வரை 14 அளவுகளில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். எந்தச் சந்தியிலும் நீரழுத்தம் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது. பார்க்க எளிய கணக்குதான். ஆனால் சாத்தியமான வடிவமைப்புகள் 147 கோடிக்கும் மேல். 34 குழாய்களும் 6 அளவுகளும் கொண்ட ஹனோய் என்ற மற்றொரு மாதிரிக் கணக்கிலோ, வினாடிக்கு 100 கோடி வடிவமைப்புகளைச் சோதித்தாலும் முடிக்க 900 கோடி ஆண்டுகள் ஆகும். குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தீர்க்கவும் வழியில்லை. வளையத்தில் ஒன்றின் அளவு மாறினால் மற்றவற்றிலும் ஓட்டம் மாறிவிடும்.

இங்கேதான் பரிணாம அல்காரிதம் கைகொடுக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலந்து 1975-ல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது. அவருடைய மாணவர் டேவிட் கோல்ட்பர்க் 1983-ல் தம் முனைவர் ஆய்வில் எரிவாயுக் குழாய்களுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்.

முறை இதுதான். ஒரு வடிவமைப்பை எட்டு எண்கள் கொண்ட வரிசையாக எழுதுகிறார்கள். அதுவே அதன் மரபணு. முதலில் நூறு வரிசைகளைக் குருட்டாம்போக்கில் உருவாக்குகிறார்கள். ஒவ்வொன்றின் செலவையும் கூட்டி, அழுத்தத்தை எப்பாநெட் போன்ற நீரோட்ட மென்பொருளில் கணக்கிடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் செலவோடு அபராதமும் சேரும். மலிவான வரிசைகளே பெற்றோராகும் வாய்ப்பை அதிகம் பெறும். ஒன்றின் முதல் நான்கு எண்களும் மற்றொன்றின் கடைசி நான்கும் சேர்ந்தால் ஒரு பிள்ளை. எப்போதாவது ஓர் எண் தானாக மாறும், அது சடுதிமாற்றம். அது இல்லாவிட்டால் எல்லா வரிசைகளும் விரைவிலேயே ஒரே சாயலுக்கு வந்து, தேடல் அங்கேயே தேங்கிவிடும். இப்படித் தலைமுறை தலைமுறையாக வரிசைகள் தேறிவருகின்றன.

எட்டுக் குழாய்க் கணக்குக்கு இம்முறையில் சாவிச், வால்டர்ஸ் இருவரும் 1997-ல் வெளியிட்ட விடை: 18, 10, 16, 4, 16, 10, 10, 1 அங்குலம். செலவு 4,19,000 அலகுகள். எட்டுக்கும் 24 அங்குலம் போட்டிருந்தால் 44 லட்சம் ஆகியிருக்கும். அவர்களுக்கே 20, 10, 16, 1, 14, 10, 10, 1 என்று 4,20,000 அலகில் இன்னொரு விடையும் கிடைத்தது. செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான், குழாய்கள்தான் வேறு. கண்டது மிகச் சிறந்ததுதான் என்று இந்த முறை உறுதி சொல்வதில்லை; நல்ல விடைகள் பலவற்றை முன்வைக்கும்.

அந்த எட்டாவது குழாயைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் வளையத்தை மூடும் அது வெறும் 1 அங்குலம். ஐந்தாம் குழாய் உடைந்தால் அதற்கு அப்பால் உள்ள இரு சந்திகளும் அந்த 1 அங்குலக் குழாயை நம்பித்தான் இருக்க வேண்டும். செலவைக் குறைக்கச் சொன்னதால், ஆபத்துக்கு உதவ இருந்த மாற்றுவழியையே அல்காரிதம் மெலியவைத்துவிட்டது.

இதனால்தான் இப்போது செலவு, நம்பகத்தன்மை இரண்டையும் ஒருசேரத் தேடும் முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. கான்பூர் ஐஐடியில் கல்யாண்மய் தேவ் குழுவினர் உருவாக்கி 2002-ல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 அவற்றில் பெயர்பெற்றது. அது ஒற்றை விடை தருவதில்லை. இவ்வளவு பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு என்று ஒரு பட்டியலை நீட்டுகிறது. அதில் எதை எடுப்பது என்பது பொறியாளர் பொறுப்பு. எதற்கு அபராதம் என்று எழுதுவதும் அவரே. அவர் எழுதாததை எந்த அல்காரிதமும் காப்பாற்றாது.