டேங்க் வெள்ளம் பால் மாதிரி ஆயிடுச்சா? முதல்ல காத்து, அப்புறம் காரணம்

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜுக்கான பதில். கருங்கல் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தாரு. "அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலைல பாத்தா டேங்க் வெள்ளம் பூரா பால் கணக்கா கிடக்கு. கிளவுன் மீன் ரெண்டும் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. பாதி வெள்ளத்தை மாத்திரட்டா?" வெளியூர்ல இருந்து கேக்கிறவங்களுக்கு: எங்க பக்கம் தண்ணிக்கு வெள்ளம்னுதான் பேரு.

இதுல தம்பிக்குப் பெருசா தெரியிறது பால் நிறம். எனக்குப் பெருசா தெரியிறது மீன் மேல வந்தது. வெள்ளையா இருக்கிறதால மட்டும் மீன் சாகாது. ஆக்சிஜன் இல்லாமப் போனா சாகும். அதனால காரணம் தேடுறதுக்கு முன்னாடியே ஏர் பம்ப்பைப் போடுங்க. வேவ்மேக்கரோட வாயைத் தண்ணியோட மேல்பரப்பைப் பாத்துத் திருப்பி, மேல நல்லா அலையடிக்கிற மாதிரி வையுங்க. மூடி இருந்தா எடுத்துருங்க. மீன் கீழ இறங்கி நிதானமா மூச்சு விட்டதுக்கு அப்புறம் மத்த வேலை.

அடுத்தது, கலங்கலுக்குக் காரணம் எதுன்னு பிரிக்கணும். ஒரு கண்ணாடி டம்ளர்ல டேங்க் தண்ணி எடுத்து வெளிச்சத்துல வையுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சா அது வெறும் நுண்குமிழி. பம்ப் எங்கேயோ காத்தை இழுக்குது. கொஞ்ச நேரத்துல அடியில பொடி படிஞ்சா மணல் தூசி. புதுசா மணல் போட்டிருப்பீங்க. லேசா பச்சை தெரிஞ்சா மிதவைப்பாசி. இது எதுவும் இல்லாம அப்படியே வெள்ளையா நின்னா ரெண்டே சந்தேகம்தான்: பாக்டீரியா, இல்லன்னா சுண்ணாம்பு.

அந்த டம்ளர்லேயே ரெண்டு ஸ்பூன் வினிகர் விட்டுக் கலக்குங்க. தெளிஞ்சுட்டா சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். தெளியலைன்னா பாக்டீரியா. மணல் தூசியும் பவள மணலோடதா இருந்தா வினிகர்ல கரையும், ஆனா அது தானாவே அடியில படியும். அதனால குழப்பம் வராது.

தம்பியோட டம்ளர் தெளியலை. "நேத்து ராத்திரி டேங்க்ல என்ன போட்டீங்க?"ன்னு கேட்டேன். நைட்ரேட் குறையும்னு ஒரு வீடியோ பாத்து ஒரு டீஸ்பூன் சீனி போட்டிருக்காரு. 200 லிட்டர் டேங்க்.

இங்க கொஞ்சம் கணக்குப் போடுவோம். 28 டிகிரி சூட்டுல நல்ல தண்ணி லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். கடல் தண்ணி 6.4தான் பிடிக்கும், உப்பு கூடினா இடம் குறையும். அப்போ 200 லிட்டர்ல மொத்த இருப்பு 1.3 கிராம். ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். அதை பாக்டீரியா முழுசா எரிக்கணும்னா 4.5 கிராம் ஆக்சிஜன் வேணும். பாதிதான் எரியும், மீதி அதோட உடம்பாகும்னு வச்சாலும் 2 கிராமுக்கு மேல. டேங்க்ல இருக்கிறதைவிட அதிகம், கேட்டியளா? அதுவும் ராத்திரி, லைட் அணைஞ்சு பாசிகூட ஆக்சிஜன் விடாத நேரம். மீன் ஏன் மேல வந்துச்சுன்னு இப்ப புரியும்.

கார்பன் டோசிங் தப்பில்லை. ஆனா வோட்காவா இருந்தாலும் 100 லிட்டருக்கு 0.1 மில்லில ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஏத்துற வேலை அது. ஸ்பூன் கணக்கு கிடையாது.

சீனி போடாமலும் இது வரும். பாறைக்குப் பின்னால ஒரு மீன் செத்துக் கிடந்தாலோ, அளவுக்கு மீறித் தீனி போட்டாலோ, காய்ஞ்ச பாறையில டேங்க் ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம்தான் ஆச்சுன்னாலோ வரும். நம்ம ஊர்ல கடைசிக் காரணம் அதிகம். கல்பவளங்கள் 2001லேர்ந்து 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, அதனால கடல்லேர்ந்து பவளப்பாறை எடுத்து வீட்டுல வைக்க முடியாது. அந்தச் சட்டம் எனக்குச் சரியாத்தான் படுது. ஆனா காய்ஞ்ச பாறையிலயும் சிமெண்ட் பாறையிலயும் ஆரம்பிக்கிறவங்க முதல் மாசம் கூடுதல் பொறுமையா இருக்கணும்.

சரி, தம்பி என்ன செய்யணும்? ரெண்டு நாள் தீனி வேண்டாம். ஸ்கிம்மரை நிறுத்தாதீங்க, அது பாக்டீரியாவை நுரையோட வெளியேத்தும், காத்தும் கலக்கும். அமோனியா டெஸ்ட் பண்ணுங்க. யூ.வி. லைட் இருந்தா போடலாம், ஆனா செத்த பாக்டீரியா மறுபடி அடுத்ததுக்குத் தீனி, அதனால ஸ்கிம்மர் இல்லாம யூ.வி. மட்டும் போதாது. தண்ணியைத் தெளிய வைக்கிற மருந்து எதையும் ஊத்த வேண்டாம். லாக் பாக்காம சர்வரை ரீஸ்டார்ட் பண்ற வேலை அது.

தண்ணி மாத்தலாமான்னா, 20 சதவீதம் மாத்தலாம். சீனியும் அமோனியாவும் குறையும். ஆனா முதல் நாளே கலக்கி, அதே உப்பளவு, அதே சூட்டுக்குக் கொண்டுவந்த தண்ணியா இருக்கணும். கடல் பக்கத்துலதானேன்னு கேனைத் தூக்கிட்டுப் போகாதீங்க. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்லயும் சரி, ஐப்பசியிலயும் சரி, தேங்காப்பட்டணத்துல தாமிரபரணியும் மணக்குடியில பழையாறும் சேறைக் கொண்டுவந்து கடல்ல தள்ளும். அந்தத் தண்ணியை ஊத்துனா ஒரு கலங்கலோட இன்னொண்ணு சேரும்.

மணலுக்கும் இதே பேச்சுதான். மணவாளக்குறிச்சிக் கரை மணல்ல இல்மனைட், கார்னெட், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் கலந்திருக்கு. டேங்குக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதுல இல்லை.

வினிகர்ல தெளிஞ்சவங்களுக்கு வழி வேற. கால்சியத்தையும் கே.எச். கரைசலையும் அடுத்தடுத்து ஒரே இடத்துல ஊத்தியிருப்பீங்க, இல்லன்னா சுண்ணாம்புத் தெளிவை வேகமா விட்டிருப்பீங்க. டோசிங்கை நிறுத்திட்டு பி.எச். பாருங்க. 8.6க்கு மேல போயிருந்தா அதுதான் ஆபத்து, அமோனியா இருந்தா அதோட விஷமும் கூடும். ஒண்ணு ரெண்டு நாள்ல தானா படியும். கே.எச். நல்லா விழுந்திருக்கும், அதைத் தெளிஞ்சதுக்கு அப்புறம் மெதுவா ஏத்துங்க, ஒரே நாள்ல வேண்டாம். மெக்னீசியம் 1300 பக்கத்துல இருக்கான்னும் பாத்துக்குங்க, அது குறைஞ்சா இது திரும்பத் திரும்ப வரும்.

பாக்டீரியா கலங்கல் பெரும்பாலும் சில நாள்ல இறங்கிரும். அதுவரைக்கும் ராத்திரி கரண்ட் போச்சுன்னா என்னங்கிறதுதான் பயம். பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணை இன்னைக்கே வாங்கி, கரண்ட் இருக்கும்போதே ஒரு தடவை ஓட்டிப் பாத்து டேங்க் பக்கத்துல வச்சிருங்க தம்பி.