தோட்டத்துத் திடலும் ஏட்டில் ஏறாத ஆட்டக்காரர்களும்

சென்ற வாரம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் தோற்றத்தைக் கண்ட இத்தொடர், அப்பள்ளிகளுக்கு அருகிலேயே இருந்தும் வரலாற்று நூல்களில் இடம்பெறாத விளையாட்டுத் திடலை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறது. 1891இல் திறக்கப்பட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் இரயில் பாதையின் இருபுறமும், பின்னர் லிங்கி, சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களிலும் பரவிய நெகிரி செம்பிலானின் ரப்பர் தோட்டங்களில், லயங்கள் எனப்பட்ட தொடர் வீடுகளுக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் நடுவே ஒரு புல்வெளி பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்தது. நிர்வாகம் ஒதுக்கிய அந்த நிலத்தைத் தங்கள் சொத்தாக மாற்றிக்கொண்டவர்கள் அங்கு வெறுங்காலுடன் காற்பந்தும் சடுகுடுவும் ஆடிய தொழிலாளர்களே.

திடலின் நேரத்தை நிர்ணயித்தது பால்மரம். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு முடிந்ததும் வெட்டு தொடங்கும். கோப்பைகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டா எனப்பட்ட தோள்தடியில் சுமந்து சென்று நிறுவைக் கொட்டகையில் ஒப்படைக்க நண்பகலாகும். அதன் பிறகு, விறகு, தண்ணீர், காய்கறிப் பாத்தி என்னும் வீட்டு வேலைகள் போக மிஞ்சிய அந்திப் பொழுதுதான் ஆட்டத்துக்குக் கிடைத்தது. பயிற்சியாளரும் காலணியும் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில், அடுத்த தோட்டத்தோடு மோதும் திருவிழா ஆட்டத்துக்காக ஒரு தலைமுறை முழுவதும் தன்னைத் தயார்படுத்திக்கொண்டது.

இதே மாநிலத்தில் மற்றொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்துக்காக 1921 முதல் மாநிலங்கள் மோதிய மலாயாக் கிண்ணப் போட்டி, ஜப்பானிய ஆட்சியின்போது நின்றுபோய், போர் முடிந்தபின் 1948இல் மீண்டும் நடந்தபோது, நெகிரி செம்பிலானே வாகை சூடியது. தோட்டத்துத் திடலிலிருந்து அத்தகைய மாநில அணிக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. மாநிலத் தேர்வாளர்களின் கண்ணில் பட நகரத்து இடைநிலைப் பள்ளியோ, அரசாங்கத் துறையோ, கிளப்போ வேண்டியிருந்த காலத்தில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் பெரும்பாலான சிறுவர்களுக்குக் காத்திருந்தது பால்வெட்டுக் கத்தி.

புகழ்பெற்றவர்களின் வாழ்க்கையே இதற்குச் சான்று. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்று, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 20.92 வினாடியில் 200 மீட்டரை ஓடி, 2017 வரை நிலைத்த தேசியச் சாதனையைப் படைத்த மணி ஜெகதீசன், மருத்துவம் படித்து 'பறக்கும் மருத்துவர்' எனப் பெயர் பெற்றவர். நீண்ட கைகளால் பந்தைப் பற்றியதால் 'சிலந்தி மனிதர்' என்று கொண்டாடப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகம் துறைமுக நகரான கிள்ளானில் பிறந்தவர். 1980இல் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தும், மலேசியா அப்போட்டியைப் புறக்கணித்ததால் அந்த மேடையை இழந்த அவர், 1988 டிசம்பரில் சாலை விபத்தில் 35 வயதிலேயே மறைந்தார். இவர்களுக்காக ஆர்ப்பரித்த தோட்டத்து மக்களிடையேயும் இவர்களுக்கு ஈடான ஆட்டக்காரர்கள் இருந்திருக்கக்கூடும். அதை எடைபோடத் தேவையான ஆட்டக்குறிப்புகளே எழுதப்படவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் செம்பனைக்கு இடம்விட்டும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது திடல்களும் அவற்றோடு போயின. 2009இல் நெகிரி செம்பிலான் மலாயாக் கிண்ணத்தின் தொடர்ச்சியான மலேசியக் கிண்ணத்தை 61 ஆண்டுகளுக்குப் பின் மீட்டபோது அணியில் எஸ். குனன்லன் என்னும் தமிழ் இளைஞர் இருந்தார் என்பது மகிழ்ச்சிக்குரியது. அவருக்கு முன் அதே மண்ணில் ஆடிய தமிழர்களின் வரிசையை யாராலும் முழுமையாகச் சொல்ல இயலாது என்பது வேதனைக்குரியது.

இந்த இழப்பு ஈடுசெய்ய முடியாததன்று என்பதற்கு அமெரிக்காவின் பேஸ்பால் சான்று தருகிறது. கறுப்பின வீரர்கள் முதன்மை அணிகளில் சேர்க்கப்படாமல் தனி லீக்குகளில் ஆட நேர்ந்த காலத்தின் ஆட்டக் கணக்குகளை, ஆய்வாளர்கள் பழைய நாளிதழ்களில் வெளிவந்த புள்ளிப் பட்டியல்களிலிருந்து பொறுமையாகத் திரட்டினர். அவற்றின் அடிப்படையில், 1920 முதல் 1948 வரை அந்த லீக்குகளில் ஆடிய 2,300க்கும் மேற்பட்டவர்களின் கணக்குகள் 2024இல் முதன்மை லீக்கின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. அதன் பயனாக, முதன்மை லீக்கில் ஒருநாளும் ஆட இடந்தரப்படாத ஜோஷ் கிப்சன், மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை பங்கு வெற்றிகரமான அடியாயிற்று என்பதைக் காட்டும் மட்டையடிச் சராசரியில் .372 பெற்று, அனைவரையும் முந்தி முதலிடம் அடைந்தார்.

அதே பணியைத் தமிழர்களும் தொடங்கலாம். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய இதழ்கள், கோயில் திருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், வீட்டுச் சுவர்களில் தொங்கும் அணிப் படங்கள் ஆகியவற்றோடு, பந்தாடிய முதியவர்களின் வாய்மொழியையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு படத்தின் பின்புறம் அதில் நிற்பவர்களின் பெயரையும் ஆண்டையும் தோட்டத்தையும் இன்றே எழுதிவைப்பதும் அப்பணியின் ஒரு பகுதியே. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த சடுகுடு, தோட்டங்களில் எவ்வாறு வேரூன்றியது என்பதை அடுத்த பகுதி ஆராயும்.