தாள் பைக்கு மாறினால் போதுமா? பைகளின் எண்ணிக்கைதான் குறைய வேண்டும்

கடையில் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகத் தாள் பை கிடைத்தால் பலருக்கும் மனம் நிம்மதியடைகிறது. சுற்றுப்புறத்திற்குக் கெடுதல் செய்யவில்லை என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால், சிங்கப்பூரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் முழுக்கச் சரியன்று.

வீட்டுக் குப்பை இங்கு எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

*செமாக்காவ் வரை ஒரு பயணம்*

வீவக வீடுகளில் குழாய் வழியாகப் போடப்படும் குப்பை, லாரிகளில் எரியாலைக்குப் போகிறது. அங்கு எரிக்கப்பட்டதும் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 90 விழுக்காடு குறைகிறது. எஞ்சும் சாம்பல் துவாசிலிருந்து படகில் செமாக்காவ் தீவுக்கு அனுப்பப்படுகிறது.

1999ல் திறக்கப்பட்ட செமாக்காவ்தான் நாட்டின் ஒரே நிலநிரப்புக் கிடங்கு. அது 2045 வரை தாங்கும் என்று முன்னர் கணிக்கப்பட்டது. இப்போதைய வேகத்தில் 2035க்குள் நிரம்பிவிடும் என்று அதிகாரிகள் கூறுகின்றனர். அடுத்த கிடங்கு அமைக்க இடம் தேடுவது இச்சிறிய நாட்டிற்கு எளிதன்று.

‘மக்கும் பை’ என்று அச்சிடப்பட்ட பைகளும் இதே வழியில்தான் போகின்றன. மண்ணில் புதைந்து மக்குவதற்கு முன்பே அவை எரிந்துவிடுகின்றன. தாள் பையும் அப்படித்தான்.

அத்துடன், தாளும் பருத்தியும் உற்பத்தியாக நிறைய நீரும் எரிசக்தியும் தேவைப்படுகின்றன. குப்பையை எரிக்கும் சிங்கப்பூர் போன்ற நகரங்களில், பலமுறை பயன்படுத்தக்கூடிய பிளாஸ்டிக் பையே சுற்றுப்புறத்தை ஆகக் குறைவாகப் பாதிக்கிறது என்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வு கண்டறிந்தது. ஆனால், அந்தப் பையைக் குறைந்தது 50 முறையாவது பயன்படுத்த வேண்டும்.

கடற்கரையிலோ கால்வாயிலோ வீசப்படும் பைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கு பிளாஸ்டிக்கின் கெடுதலே அதிகம். முறையாகக் குப்பையில் சேரும் பைகளைப் பொறுத்தவரை, எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட எத்தனை பைகள் என்பதே முக்கியம்.

*5 காசு எதற்கு?*

2023 ஜூலை 3 முதல், ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் பேரங்காடி நிறுவனங்கள் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வசூலிக்க வேண்டும். பிளாஸ்டிக், தாள், மக்கும் பொருள் என எதுவானாலும் விதி ஒன்றே.

மீன், இறைச்சி, காய்கறிகளைப் போடும் கைப்பிடியில்லாப் பைகளுக்குக் கட்டணம் இல்லை. சிறு மளிகைக் கடைகளுக்கும் சந்தைக் கடைகளுக்கும் இவ்விதி கட்டாயமில்லை. தேக்கா சந்தையில் மீனுக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று என்று பைகள் சேர்வதை அங்கு வாங்குவோர்தான் குறைக்க முடியும். கீரையும் காய்கறியும் ஒரே பையில் போகலாம். மீனுக்கு மட்டும் மூடியுள்ள டப்பா ஒன்றைக் கொண்டுபோகலாம்.

*குப்பை கட்டப் பை வேண்டாமா?*

பேரங்காடிப் பையை எதிர்ப்போரும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. ஈரக் குப்பையைக் கட்டாமல் குழாயில் போட்டால் கரப்பான்பூச்சியும் எலியும் பெருகும். கட்டிப் போடுவது அவசியம்.

ஆனால், நாளுக்கு ஒரு பை போதும் என்ற வீட்டில் நாளுக்கு மூன்று பைகள் வந்து சேர்கின்றன. மீதமுள்ளவை மடித்து வைக்கப்பட்டு, ஒருநாள் மொத்தமாகக் குப்பைக்குப் போகின்றன. இலவசப் பைகளை மறுத்துவிட்டு, குப்பைப் பைச் சுருள்களைக் காசு கொடுத்து வாங்குவதாலும் பயனில்லை. ரொட்டி உறை, அரிசி வந்த பை, இணையத்தில் வாங்கிய பொருள்களின் உறை ஆகியவையே குப்பை கட்ட உதவும்.

*பொட்டலம் கட்டும் பழக்கம்*

ஒரு தோசையை வீட்டுக்கு வாங்கிப் போனால் பெட்டி ஒன்று, சாம்பாருக்குப் பை, சட்னிக்குப் பை, தூக்கிச் செல்ல இன்னொரு பை என நான்கு பொருள்கள் குப்பையாகின்றன. கடையிலேயே சாப்பிட்டால் ஒன்றுகூட இல்லை.

அடுக்குப் பாத்திரம் கொண்டுபோவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். உணவைக் கட்டத் தொடங்கும் முன்பே கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். கூட்ட நேரத்தில் சிலர் தயங்கலாம். கூட்டம் குறைந்த வேளையில் கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது.

*நீலத் தொட்டி காப்பாற்றுமா?*

2023ல் சிங்கப்பூரில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் 5 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. நீல மறுசுழற்சித் தொட்டிகளில் போடப்படுவதில் சுமார் 40 விழுக்காடு, உணவுக் கறை போன்றவற்றால் வீணாகிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் கூறியுள்ளது. குழம்பு ஒட்டிய பெட்டியை அதில் போட்டால், மற்றவர் கழுவிப் போட்ட போத்தலும் கெடும்.

போத்தல்களுக்கென ஒரு தனி வழியும் உண்டு. 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட பானக் கொள்கலன் திட்டத்தின்கீழ், அடையாளக் குறியுள்ள பிளாஸ்டிக் போத்தல்களுக்கும் உலோகக் கலன்களுக்கும் 10 காசு முன்பணம் சேர்க்கப்படும். காலிக் கலனைத் திருப்பித் தந்தால் அந்தக் காசு திரும்பக் கிடைக்கும்.

*தொடங்க ஒரு வாரம்*

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட முடியாது. ஒரு வாரம் வீட்டுக்கு வரும் பைகளையும் பெட்டிகளையும் எண்ணி, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் குறித்து வரலாம். மளிகையா, பொட்டலச் சாப்பாடா, இணையக் கொள்முதலா, எதில் எண்ணிக்கை அதிகம் என்று தெரிந்துவிடும். அதிகமாக உள்ள ஒன்றை மட்டும் முதலில் குறைத்தால் போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், எண்ணும் வேலையை அவர்களிடமே விடலாம். ஒன்றையும் தவறவிட மாட்டார்கள்.