தறி வீட்டில் கைப்பேசி

ஆரணியில் அப்பா தறிக்குழியில் இறங்கினால் அம்மா தார் சுற்ற உட்காருவார். நடுவே அழும் குழந்தைக்கு இப்போது கைப்பேசிதான் கிலுகிலுப்பை. என் பேத்தியும் அதைக் காட்டினால்தான் சோறு வாங்குகிறாள். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். முகூர்த்த மாதத்தில் சேலை முடியாவிட்டால் கூலி ஏது?

இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுவரை வேண்டாம் என்கிறது. உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு. பதில் கிடைத்தால்தான் பேச்சு வளரும். குழந்தை ‘ங்கா’ என்றால் கார்ட்டூன் திரும்பப் பேசாது.

நாடா ஓடும்போதே ‘இது சிவப்பு, இது ஜரிகை’ என்று சொல்லலாம். கைக்குத்தானே வேலை, வாய்க்கு இல்லையே! சாப்பாட்டு நேரத்திலாவது கைப்பேசியை அலமாரி மேலே வையுங்கள்.