பைக்கைப் பிரிக்கும் முன் ஆர்சியைப் பிரித்துப் பாருங்கள்

எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-இல் இறக்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, 1996-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் அதன் மவுசு குறையவில்லை. ஓடும் நிலையில் ஒன்று விலைக்கு வந்தால் புது வண்டி விலை சொல்கிறார்கள். ஜாவா, யெஸ்டி, பழைய புல்லட்டுக்கும் அதே கிராக்கி. அதனால் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் தாத்தா வண்டியை வீட்டிலேயே பிரித்துக் கட்டப் பலர் இறங்குகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பழையபடி ஆக்குவது ஒன்று, மாற்றிக் கட்டுவது வேறு. ரீபோர் செய்யலாம், பேரிங் மாற்றலாம், வயரிங் புதிதாக இழுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். சிக்கல் இரண்டாவதில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் ‘ஆல்ட்ரேஷன்’ என்கிறது. சீட் கவர் மாற்றுவது அதில் வராது. கஃபே ரேசர் ஆக்குகிறேன் என்று சேசிஸின் பின்பகுதியை அறுப்பதும், பெரிய சிசி இன்ஜினை ஏற்றுவதும் நிச்சயம் வரும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே ரக இன்ஜினாகவே மாற்றினாலும் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவித்து, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

புல்லட் பிரியர்கள் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ராணுவ வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. வேறு நிறம் என்றாலும் ஆர்சியில் திருத்தம் தேவை. ‘லுக்’ கெடுகிறது என்று முதலில் கழற்றி எறியப்படுவது சாரி கார்டு. பின்சீட்டில் உட்காருபவரின் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் விதி 123-இன்படி கட்டாயம். துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிய விபத்துகளைக் கேள்விப்பட்ட யாரும் அதைக் கழற்றத் துணிய மாட்டார்கள். சத்தத்துக்கும் அளவு உண்டு. கம்பெனியிலிருந்து வரும்போது 80 முதல் 175 சிசி வரையிலான வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80. உள்தடுப்பை உருவிய சைலென்சர் இந்த வரம்பில் நிற்பது கடினம். 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் வரலாம்.

வாங்கிய வண்டி என்றால் ஆர்சியோடு சேசிஸ் நம்பரை நேரில் ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் மின்னினால், அல்லது எழுத்துகள் ஏறுக்குமாறாக இருந்தால், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். திருட்டு வண்டி என்று தெரிந்தே, அல்லது தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகளில் இன்ஜின் வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். தாத்தா காலமாகிவிட்டார் என்றால் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வண்டியை விற்பவர்களும் பெயர் மாறும்வரை விடக் கூடாது. விற்ற பிறகு நடந்த விபத்துக்கும் ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இனி ஷெட்டுக்குள் வருவோம். ஓட்டை விழுந்த பெட்ரோல் டாங்கை ஒருபோதும் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டாங்க்தானே என்று நினைப்பதுதான் பிசகு. பெட்ரோல் வற்றினாலும் ஆவி உள்ளே காற்றோடு கலந்து நிற்கும். ஒரு தீப்பொறி போதும், டாங்க் வெடிக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பக்கத்து அறையின் அடுப்பு வரை போகும். பழைய பிரேக் ஷூ, கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். 2கே பெயின்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும்; முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. பெயின்டிங்கைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது என்பது என் கட்சி.

பட்டறைக்காரர் பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்தால், போலி பார்ட்ஸ் போட்டுத் தந்தால், அது சேவைக் குறைபாடு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பில்லும் வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சி. அதனால் பிரிக்கும் முன்பே நாலு பக்கமும் படம் எடுத்து, என்ன வேலை, என்ன தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு ஆர்டிஓ ஆபீஸில் அனுமதி கேட்டு, மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.