சொந்த மனையும் குடிக்கூலி வீடும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்குக் குடிக்கூலி வீட்டின் இயல்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எவ்வளவுதான் அழகுபடுத்தி வைத்தாலும், வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லிவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாணிகம் செய்வோர் இணையத்தில் பிடித்து வைத்திருக்கும் இடங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்திற்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். கணவர் ஓய்வு பெற்ற பின், இல்லத்திலேயே அப்பளமும் வடகமும் பொடி வகைகளும் செய்து விற்று வருபவர். அவருடைய வாணிகம் முழுவதும் வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலுமே நடைபெறுகிறது. வருங்காலப் பாணி என்று சொல்லி, அசையும் படங்களும் பேசும் பொம்மையும் கொண்ட இணையதளம் ஒன்றை அமைத்துத் தருவதாக ஒருவர் பெருந்தொகை கேட்டாராம். மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தில் கைவைக்கலாமா என்று அம்மையார் நம்மை வினவினார்.

அவருக்கு நாம் கூறிய விடை இதுவே: இணையதளம் வேண்டும், அந்தப் பாணி வேண்டா.

இணையதளம் ஏன் வேண்டும்? பிறர் இடத்தில் கடை விரித்தவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டிருக்கிறோம். 2020 ஜூன் மாத இறுதியில் நம் நாட்டில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதனையே நம்பியிருந்த சிறு வணிகர்கள், பல நாள் உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளரை ஒரே இரவில் இழந்தனர். கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாக வழங்கி வந்த எளிய இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இலவச வீட்டிற்கும் வீட்டுக்காரர் உண்டு என்பது அப்போது பலருக்கும் விளங்கிற்று.

பாணி ஏன் வேண்டா? ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்னும் நுட்பத்தால் அமைத்த தளங்களே நாகரிகத்தின் உச்சி எனப்பட்டன. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அந்நுட்பத்திற்கு ஆதரவு நின்றது. அதில் கொட்டிய பணம் கொட்டியதுதான். பாணி மாறும், அடிப்படை நிற்கும். வரப்போகும் மாற்றங்களுக்கு ஆயத்தமாவது என்பது அடிப்படையைச் செப்பம் செய்வதே ஆகும்.

அவ்வடிப்படைகள் யாவை? முதலாவது உரிமை. டொமைன் என்று வழங்கும் தளப்பெயரை நம் பெயரிலேயே பதிவு செய்தல் வேண்டும். அமைத்துத் தருபவர் தம் பெயரில் பதிந்துகொண்டால், பிணக்கு நேரும்போது நம் கடைக்கு அவரே உரிமையாளராகிவிடுவார். உரிய காலத்தில் புதுப்பிக்கவும் மறத்தலாகாது.

இரண்டாவது விரைவு. கைப்பேசியில் தெரியும் வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு தளங்களை அட்டவணைப்படுத்தும் முறைக்குக் கூகுள் 2023 அக்டோபரில் முற்றிலும் மாறிவிட்டது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றுதல் நன்று என்பது அந்நிறுவனம் வகுத்த அளவு. பெரும் படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது தெளிவு. விலைப்பட்டியலைப் படமாக ஒட்டுவதைத் தவிர்த்து, எழுத்தாகவே பதித்தல் வேண்டும். 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகுள் தேடலில் செயற்கை அறிவு தொகுத்துத் தரும் விடை மேலே தோன்றி வருகிறது. இன்ன பண்டம், இன்ன எடை, இன்ன விலை, எந்தப் பகுதிக்கு அனுப்பப்படும், எத்தனை நாள் கெடாதிருக்கும் என்று எழுதி வைத்த கடையையே மனிதரும் இயந்திரமும் எளிதிற் கண்டுகொள்ள இயலும். தமிழோடு ஆங்கிலத்திலும், வாழும் ஊரின் மொழியிலும் எழுதினால் அண்டை வீட்டாரும் வாங்க வருவர். உணவுப் பண்டம் விற்போர் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் குறித்தல் நம்பிக்கை தரும்.

நான்காவது நாணயம். வாங்குவோர் தரும் கைப்பேசி எண் நம்மிடம் வைத்த அடைக்கலப் பொருள். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. இசைவு பெறாமல் விளம்பரச் செய்திகளைப் பொழிவது நாகரிகக் குறைவு மட்டுமன்று, அச்சட்டத்தின் நோக்கத்திற்கும் புறம்பாகும்.

இவ்வாறு கூறுவதால் வாட்ஸப்பையும் இன்ஸ்டாகிராமையும் கைவிட வேண்டும் என்பதில்லை. அவை சந்தைத் தெருக்கள்; அங்கே நின்று கூவி அழைக்கலாம். ஆனால் அழைத்துவரும் இடம் நம் சொந்தத் திண்ணையாக இருத்தல் வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மையார் திருமணப் பணத்தைத் தொடவில்லை. ஒரு மாத ஆதாயத்தை மட்டும் ஒதுக்கி, தம் பெயரில் தளப்பெயரைப் பதிந்துகொண்டார். மாலை நேரங்களில் தாயும் மகளும் அமர்ந்து ஐந்து எளிய பக்கங்களை எழுதி வருகின்றனர். வாணிகம் நடத்தும் நம் குடும்பங்கள் யாவும் இவ்வழியை எண்ணிப் பார்க்குமாக. ஊரில் நமக்கொரு மனை இல்லாது போயினும், இணையத்திலேனும் ஒரு சொந்த மனை அமையட்டும்!